கழுவின பாத்திரம் ஏன் இன்னும் நாறுகிறது? அறிகுறி பார்த்து வழி கண்டுபிடிக்க

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் கல்யாணம், பால்காய்ப்பு, அடியந்திரம் என்று விசேஷ வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறேன். திரும்பி வரும் அண்டாவும் உருளியும் கழுவித்தான் வரும். மூடியைத் திறந்தால் மீன் வாடை அடிக்கும், உள்ளே விரல் வைத்தால் வழுக்கும். இதையெல்லாம் சரிசெய்து பழகியதால், வீட்டுப் பாத்திரத்துக்கும் அக்கம்பக்கத்தார் என்னிடம்தான் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கோளாறும் இரண்டே வகைதான். சோப்பும் வெந்நீரும் போதுமான இடத்தில் பிளீச்சைத் தூக்கி ஊற்றுவது ஒன்று. வீட்டில் ஒருவர் வயிற்றுப்போக்கில் கிடக்கும்போது, சோப்புப் போட்டாயிற்றே என்று விட்டுவிடுவது இன்னொன்று.

ஆகவே ஒரு விஷயத்தை மட்டும் முதலில் முடித்துவிடுகிறேன். சுத்தம் செய்வது என்றால் சாப்பாட்டு மிச்சம், எண்ணெய், அழுக்கு போவது. கூடவே கிருமிகளில் பெரும்பகுதியும் தண்ணீரோடு போய்விடும். கிருமிநீக்கம் என்றால், அதற்குப் பிறகும் மிஞ்சுவதைச் சூட்டாலோ மருந்தாலோ ஆபத்தில்லாத அளவுக்குக் குறைப்பது. முதல் வேலை நடக்காமல் இரண்டாவது பலிக்காது. எண்ணெய்ப் படலத்தின் மேல் பிளீச் ஊற்றினால் அது எண்ணெயோடும் மிச்சத்தோடும் மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். வரிசை இதுதான்: வழித்துக் கொட்டுங்கள், சோப்புப் போட்டுத் தேயுங்கள், அலசுங்கள், தேவைப்பட்டால் கிருமிநீக்கம், கடைசியில் காற்றில் காயவையுங்கள். எல்லாரும் நலமாக இருக்கும் வீட்டில், சாதாரண நாளில், பச்சை மீன், கோழி வெட்டின பலகை, கத்தியையும் கைக்குழந்தையின் பால் சாமானையும் தவிர மற்றவற்றுக்கு நான்காவது படி தேவையே இல்லை.

வெந்நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கை பொறுக்கும் வெந்நீர் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அது எண்ணெயை இளக்கும்; கிருமியை ஒன்றும் செய்யாது. சூட்டால் கிருமிநீக்கம் நடக்கவேண்டும் என்றால் 77 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் பாத்திரம் முழுக்க மூழ்கி அரை நிமிடமாவது இருக்கவேண்டும். கெட்டிலில் இருந்து மேலாக ஒரு ஊற்று ஊற்றினால் பாத்திரம் அந்தச் சூட்டை எட்டுவதற்குள் தண்ணீர் ஆறிவிடும். கொதிக்கும் தண்ணீருக்குள் போட்டு எடுப்பதுதான் நிச்சயமான வழி.

இனி உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள்.

## அறிகுறி: காய்ந்த பிறகும் மீன் வாடை, முட்டை வாடை

வாடை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பாத்திரத்தை நன்றாகக் காயவிட்டு முகருங்கள். அடுத்து, தேய்த்த பஞ்சை முகருங்கள். அடுத்து, வெறும் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து முகருங்கள்.

பாத்திரம் மட்டும் நாறுகிறது என்றால்

எடுத்த எடுப்பில் வெந்நீர் விட்டிருப்பீர்கள். சாளை மீன் கழுவின சட்டியிலும் முட்டை அடித்த கிண்ணத்திலும் முதலில் சூடு பட்டால் மிச்சம் வெந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். முதல் அலசல் பச்சைத் தண்ணீரில், அப்புறம் சோப்பும் இளஞ்சூட்டுத் தண்ணீரும். பாதிப் புகார் இதிலேயே தீரும்.

தீரவில்லையா, விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள், பிரச்சினை எண்ணெய். வழுக்கவில்லை, வாடை மட்டும் என்றால் குழம்புக்குக் கரைத்த புளிக்கோது போதும். கழுவின பாத்திரத்தில் அதைத் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். எலுமிச்சைத் தோலும் வினிகரும் இதே வேலையைச் செய்யும். மீன் வாடை காரத்தன்மை உள்ளது, புளிப்பு அதை அடக்கிவிடும். அலுமினியத்தில் மட்டும் புளிப்பை ஊறவிடாதீர்கள், அரித்துப்போகும். வாடை போனதால் கிருமி போயிற்று என்று கணக்கு வைக்கவேண்டாம். பித்தளை உருளியைப் புளியும் உப்பும் போட்டுத் தங்கமாக்கினாலும் அதே கதைதான். பளபளப்பு கண்ணுக்கு மட்டும்.

பிளாஸ்டிக் டப்பா என்றால் சங்கதி வேறு. குழம்பின் எண்ணெயையும் நிறத்தையும் அது குடித்துவிடும். சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அதற்கும் போகாமல், உள்ளே கீறலும் விழுந்திருந்தால் அதை மீனுக்குப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். கீறலுக்குள் பஞ்சு போகாது, அழுக்கு போகும்.

மண்சட்டி நாறுகிறது என்றால்

நம் ஊரில் மீன்கறிக்கு மண்சட்டியை விட்டால் கதியில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். சட்டிக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சோப்புப் போட்டால் சோப்பையும் குடிக்கும். சோதிப்பது எளிது. கழுவிக் காய்ந்த சட்டியில் பாதி அளவு தண்ணீர் விட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வரும்போது ஓரத்தில் வெள்ளை நுரை வளையம் கட்டுகிறதா? அது சோப்பு. அடுத்த கறியில் அதைத்தான் சாப்பிடப் போகிறீர்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, நுரை வராமல் போகும்வரை மறுபடி மறுபடி கொதிக்கவிடுங்கள்.

அதன்பிறகு அந்தச் சட்டிக்குச் சோப்பே வேண்டாம். கறியை வழித்தபின் வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு, தேங்காய்த் தும்பால் (நாரால்) தேயுங்கள். எண்ணெய் அதிகம் என்றால் ஒரு கை அரிசிமாவு தூவித் தேய்த்தால் எண்ணெயை மாவு இழுத்துக்கொள்ளும். அலசிக் கவிழ்த்து, வெயிலில் அடிப்பாகமும் காயும்வரை வையுங்கள். கிருமிநீக்கம் தேவைப்பட்டால் அதே சட்டியில் பத்து நிமிடம் தண்ணீரைக் கொதிக்கவிடுவதுதான் வழி. மண்சட்டிக்குப் பிளீச் கூடவே கூடாது, அதையும் அது குடிக்கும். உள்ளே பூசணம் பிடித்து, கொதிக்கவைத்தும் ஈரமண் வாடை வந்துகொண்டே இருந்தால், அல்லது மயிரிழை விரிசல் விட்டிருந்தால், புதுச் சட்டி வாங்கிவிடுங்கள்.

பஞ்சு நாறுகிறது என்றால் கீழே பஞ்சுக்கென்று தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

தண்ணீரே நாறுகிறது என்றால்

மாடித் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று யோசியுங்கள். தொட்டித் தண்ணீர் நாறுகிறது, கிணற்றில் நேராகக் கோரின தண்ணீர் நாறவில்லை என்றால் தொட்டியைக் கழுவினால் தீர்ந்தது. கிணற்றுத் தண்ணீரோ போர்த் தண்ணீரோ நேரடியாகவே அழுகின முட்டை போல் வாடை அடித்தால் பாத்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கக்கூஸ் குழி பக்கத்தில் இருக்கும் கிணறு என்றால் அதுவரை குடிக்கவும், கடைசி அலசலுக்கும் அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள்.

## அறிகுறி: விரல் வைத்தால் வழுக்குகிறது

கழுவின தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் தட்டு சுத்தம். துளித்துளியாகப் பிரிந்து ஓடினால் எண்ணெய் இருக்கிறது. விரலைவிட இந்தச் சோதனை துல்லியமானது.

நம் சமையல் தேங்காய் எண்ணெயில். 24 டிகிரியை ஒட்டி அது உறையும். குளிர் விடியலில் குப்பிக்குள் வெள்ளையாகக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கழுவாத பாத்திரத்தில் இரவெல்லாம் கிடந்த எண்ணெய்க்கும், பிரிட்ஜில் இருந்து எடுத்த அவியல் பாத்திரத்துக்கும் அதே கதிதான். பச்சைத் தண்ணீரில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் அது இடம் மாறி ஒட்டுமே தவிரப் போகாது. இளஞ்சூட்டுத் தண்ணீர் விடுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் இது கட்டாயம்.

வெந்நீர் விட்டும் வழுக்குகிறதா? கழுவும் வரிசையைப் பாருங்கள். பொரித்த சட்டியை முதலில் கழுவி, அதே பஞ்சால் தம்ளரைத் தொட்டால் எல்லாவற்றிலும் எண்ணெய் ஏறும். தம்ளர், தட்டு, சோற்றுப்பானை, கடைசியில் எண்ணெய்ச் சட்டி என்று போங்கள். அதற்கும் முன்னால், சட்டியில் கிடக்கும் எண்ணெயைப் பழைய தாளாலோ வாழையிலைத் துண்டாலோ துடைத்து எறியுங்கள். இந்த ஒரு வேலை செய்தால் சோப்புச் செலவு பாதியாகும். சிங்க்கும் பிழைக்கும்.

சிங்க் என்றதும் நினைவுக்கு வருகிறது. குழாய்க்குள் போன தேங்காய் எண்ணெய் அங்கே உறைந்து, தேங்காய்த் திருவலும் சோறும் அதன்மேல் அடைந்து, தண்ணீர் இறங்காமல் நின்றால் அழுக்குத் தண்ணீரிலேயே பாத்திரம் அலசுகிறீர்கள் என்று அர்த்தம். சிங்க்குக்கு அடியில் இருக்கும் கிண்ணம் போன்ற பாகத்தைத் திருகிக் கழற்றிக் கழுவுங்கள். கீழே ஒரு வாளி வைக்க மறக்காதீர்கள். கழுவியும் தண்ணீர் எதிர்த்து வந்தால், அல்லது சிங்க்கில் தண்ணீர் விடும்போது குளியலறை ஓட்டையில் களகள என்று சத்தம் கேட்டால், அடைப்பு உள்ளே இருக்கிறது. பிளம்பரைக் கூப்பிடுங்கள். கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் பொடியைக் கொட்டிவிட்டு அப்புறம் கூப்பிட்டால், அவர் கையில்தான் அது படும். கொட்டியிருந்தால் சொல்லிவிடுங்கள்.

அடுப்புச் சாம்பல் பற்றிக் கேட்பவர்களுக்கு: நல்ல விறகுச் சாம்பல் எண்ணெயை எடுக்கும், சந்தேகமில்லை. பிளாஸ்டிக் எரித்த அடுப்பென்றால் அந்தச் சாம்பலைத் தொடாதீர்கள். முற்றத்து மண்ணைச் சேர்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். கோழியும் பூனையும் நடக்கிற மண் அது. சக்கை (பலாப்பழம்) வெட்டின கத்தியின் பசைக்கு மட்டும் வரிசை தலைகீழ்: முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் துடையுங்கள், அப்புறம் சோப்பு.

## அறிகுறி: வெள்ளைத் திட்டு, மஞ்சள் கறை

ஒரு துளி வினிகர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். கரைந்தால் அது தண்ணீரின் உப்பு. கரையாமல், வெந்நீரில் துடைத்ததும் போனால் சோப்பு. கட்டிச் சோப்பு இப்படித்தான் தங்கும். பஞ்சில் குறைவாக எடுங்கள், ஓடும் தண்ணீரில் ஒரு முறை கூடுதலாக அலசுங்கள். இரண்டுக்கும் அசையாத கண்ணாடித் தம்ளரின் மங்கல் இனிப் போகாது, கண்ணாடியே அரித்துவிட்டது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, அப்படியே குடிக்கலாம்.

உப்புப் படிவத்துக்குப் பாதி வினிகர், பாதி தண்ணீர், பத்து நிமிடம். கடலோர ஊர்களில் போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் இது வாரா வாரம் வரும். கழுவினவுடன் துடைத்துவிட்டால் படிவது குறையும்.

மஞ்சளோ பழுப்போ என்றால் தண்ணீரில் இரும்பு இருக்கலாம். ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தண்ணீர் பிடித்து இரவெல்லாம் மூடிவையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து காலையில் அடியில் செம்மண் நிறத்தில் வண்டல் நின்றால் இரும்புதான். இந்தக் கறைமேல் பிளீச் விட்டால் கறை இன்னும் அழுந்தும், போகாது. வினிகரோ எலுமிச்சையோ எடுங்கள்.

வடிகட்டி இயந்திரம் விற்கிறவர் வீட்டுக்கு வந்து கம்பி விட்டுத் தண்ணீரைக் கறுப்பாக்கிக் காட்டினால் பயந்து காசு கொடுத்துவிடாதீர்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம். கரைந்த உப்புகளுக்கு அதே மாதிரி 500, 2000. முடிவு கையில் வந்தபின் இயந்திரம் வேண்டுமா, வேண்டுமென்றால் எது என்று தீர்மானியுங்கள்.

## அறிகுறி: மிக்ஸி ஜார், குக்கர் – புளித்த வாடை

தினமும் கழுவுகிற பாத்திரம், ஆனால் கழுவாத ஓரிடம் அதில் இருக்கிறது. தேங்காய் அரைக்கிற ஜாரின் மூடியைக் கவிழ்த்து, உள் விளிம்பில் ஓடும் ரப்பர் வளையத்தை நகத்தால் கிளப்பி வெளியே இழுங்கள். பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பிசின் இருக்கும், வளையத்தின் மடிப்பில் கரும்புள்ளிகள். மூன்று நாள் தேங்காய்ப்பால் அங்கேதான் இருக்கிறது. ஜாருக்குள் சோப்புத் தண்ணீர் விட்டுச் சுற்றிவிட்டால் சுத்தம் என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டினால் அன்றைக்குச் சட்டினி இறங்காது.

வளையத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷால் சோப்புப் போட்டுத் தேயுங்கள். அலசியபின் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள். கரும்புள்ளி போகவில்லை, வளையம் தளர்ந்து நெகிழ்ந்திருக்கிறது என்றால் புது வளையம் வாங்குங்கள், மலிவான சாமான்தான். குக்கர் வளையத்துக்கும் விசில் குழிக்கும் இதே முறை.

ஜாரைக் கவிழ்த்து அடியில் பிளேடு சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய்க் கசிவோ கறுப்புத் தண்ணீரோ வந்தால் உள் புஷ் தேய்ந்துவிட்டது. அதை வீட்டில் நோண்டவேண்டாம். ஜார் பழுது பார்க்கும் கடையில் கொடுங்கள். மாற்றும்வரை அதில் பச்சைச் சட்டினி அரைப்பதைத் தவிருங்கள், கொதிக்கிற குழம்புக்கு அரைக்கலாம்.

## அறிகுறி: பஞ்சு நாறுகிறது

இந்த ஒன்றில் யோசனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள். அடுக்களையில் கிருமி அதிகம் குடியிருக்கும் இடங்களில் இது ஒன்று. ஈரம், மிச்சம், சூடு மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கிறதே. நாறாத பஞ்சையும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது.

ஆயுளை நீட்ட: ஒவ்வொரு முறையும் மிச்சத்தை உதறி அலசிப் பிழிந்து, சிங்க்குக்குள் போடாமல் காற்றுப்படத் தொங்கவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிக்கவிடலாம். மைக்ரோவேவ் இருந்தால் நன்றாக நனைத்து ஒரு நிமிடம். உலர்ந்த பஞ்சை உள்ளே வைத்தால் தீப்பிடிக்கும். கம்பி கலந்த ஸ்கிரப்பரை வைக்கவே கூடாது. தேங்காய்த் தும்பு இந்த வம்பு இல்லாதது: கதம்பையில் (தேங்காய் மட்டையில்) இருந்து ஒரு பிடி உரித்தோமா, தேய்த்தோமா, எறிந்தோமா என்று முடிந்துவிடும்.

மீன், கோழி வெட்டின இடத்தைத் துடைத்த பஞ்சால் பாத்திரம் கழுவாதீர்கள். அதற்குத் துண்டுத் துணியோ தாளோ எடுங்கள்.

## அறிகுறி: நேற்று கழுவி அடுக்கினது இன்று நாறுகிறது

பெரும்பாலும் ஈரம்தான். இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. ஆனியில் தொடங்கும் ஈரம் கார்த்திகை தாண்டியும் போகாது. தம்ளருக்குள் தம்ளர் சொருகி வைத்தால் இடையில் இருக்கும் தண்ணீர் அப்படியே நிற்கும். சொருகாமல், சாய்த்து, காற்று உள்ளே போகும்படி கவிழ்த்து வையுங்கள். பாத்திரக் கூடையின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். வழவழப்பான தண்ணீர் நின்றால் நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. வாரம் இருமுறை கூடையையே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

துடைக்கிற துணிதான் அடுத்த குற்றவாளி. கை துடைத்த, அடுப்பு துடைத்த அதே துவர்த்தால் (துண்டால்) கழுவின தட்டைத் துடைத்தால் செய்த வேலை வீண். காற்றில் காய்வதே மேல். துடைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் அன்றாடம் துவைத்த தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் வைப்பது காய்வதற்கு நல்லது. அதையே கிருமிநீக்கம் என்று நம்பி, புறவாசல் திண்ணையில் ஈயும் காக்கையும் உட்காரத் திறந்து வைக்காதீர்கள்.

## அறிகுறி: பலகையில், கத்தியில் பச்சை மீன், கோழி வாடை

இங்கேதான் கிருமிநீக்கத்துக்கு முதல் இடம். சமைக்கிற பாத்திரம் அடுப்பில் கொதிக்கப் போகிறது. பலகையோ அடுத்து வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்க வருகிறது. பச்சையாகச் சாப்பிடுவதற்கும் மீனுக்கும் இரண்டு பலகை வைத்துக்கொண்டால் பாதிக் கவலை விட்டது.

ஒரே பலகைதான் என்றால் சோப்புப் போட்டுத் தேய்த்து அலசியபின், கத்தியைக் கொதிநீரில் மூழ்கவைத்து எடுங்கள். பலகைக்குக் கீழே சொல்லும் பிளீச் கரைசல். பச்சைக் கோழியைச் சிங்க்கில் குழாயடியில் கழுவினால் சுற்றிலும் காயும் பாத்திரங்கள்மேல் தெறிக்கும். அதற்கு முன் அவற்றை அப்புறப்படுத்துங்கள். பலகையில் கத்திக்கோடு ஆழமாக விழுந்து, கழுவியும் கோடுகள் கறுப்பாகவே இருந்தால் எறிந்துவிடுங்கள்.

## அறிகுறி: வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு

பாத்திரத்தைக் குற்றம் சொல்லும் முன் கையைப் பாருங்கள். சமைப்பவரும் பரிமாறுபவரும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா? சானிட்டைசர் இங்கே போதாது, வாந்தியைப் பரப்பும் சில வைரஸ்கள் அதில் இருக்கும் ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது. அடுத்து குடிதண்ணீர். மூன்றாவதாகத்தான் பாத்திரம் வருகிறது.

நோயாளிக்குத் தட்டு, தம்ளர், கரண்டி தனியாக, எல்லாம் எவர்சில்வரில் கொடுங்கள். அவருடையதைக் கடைசியில், தனிப் பஞ்சால் கழுவுங்கள். சோப்புப் போட்டு அலசியபின் ஒரு பெரிய பாத்திரத்தில் முழுக்க மூழ்கவைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நின்றபின் இன்னும் இரண்டு மூன்று நாள் இதைத் தொடருங்கள். உடம்பு சரியான பிறகும் சில நாள் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரம் இருந்தால் 65, 70 டிகிரிச் சுற்று போடுங்கள், சிக்கனச் சுற்று வேண்டாம்.

மலத்தில் ரத்தம், அடங்காத காய்ச்சல், எதைக் குடித்தாலும் வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் பாத்திரத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசலைப் போகும் வழியிலும் கொடுங்கள். பக்கத்து வீடுகளிலும் இதே தொல்லை என்றால் தண்ணீர் கெட்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அறிகுறிக்குக் காத்திருக்கவேண்டாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தை என்றால் பால் கொடுக்கும் பாலாடை, புட்டி, அதன் காம்பு எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் கழுவி, தினம் ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். புட்டியைப் பாகம் பாகமாகக் கழற்றித்தான் கழுவவேண்டும். சிங்க்குக்குள் போடாமல் தனிக் கிண்ணத்தில் கழுவுங்கள். துணியால் துடைக்காமல் காயவிடுங்கள். அதைவிட வளர்ந்த, நலமான குழந்தைக்கு நன்றாகக் கழுவினாலே போதும். புட்டியும் பாலாடையும் நிறைய வீடுகளில் தேவையே இல்லாமல் இருக்கிறது என்பதும் உண்டு, அதை மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

## பிளீச் எடுத்தே ஆகவேண்டும் என்றால்

வாசனை சேர்க்காத, துணிக்கு விற்கும் குளோரின் பிளீச், சுமார் 5 சதவீதம் உள்ளது. 5 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லி. கழுவி அலசின பலகை, பீங்கான், கண்ணாடி, பிளாஸ்டிக் இரண்டு நிமிடமாவது மூழ்கி இருக்கவேண்டும். எடுத்துக் காற்றில் காயவையுங்கள். கூட்டி ஊற்றினால் கூடுதல் சுத்தம் கிடைக்காது, பிளீச் மிச்சம்தான் தங்கும். கலக்கினதை அன்றைக்கே கொட்டிவிடுங்கள், மறுநாள் வீரியம் இருக்காது. தரை துடைக்கும் வாசனைத் திரவமும் கழிப்பறைத் திரவமும் பாத்திரத்துக்கு ஆகாது.

அலுமினியம், பித்தளை, வெள்ளி, இரும்புத் தோசைக்கல் எதையும் இதில் போடாதீர்கள். எவர்சில்வரை நேரம் கழித்து எடுத்தால் கரும்புள்ளி விழும். உலோகத்துக்கெல்லாம் கொதிநீர்தான்.

மேலே பல இடத்தில் வினிகர், எலுமிச்சை என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? பிளீச்சோடு அவை ஒருநாளும் சேரக்கூடாது. கழிப்பறை அமிலமும் அப்படித்தான். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரிச்சலும் இருமலும் வந்தால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே காற்றுக்குப் போங்கள். மூச்சு முட்டல் நிற்கவில்லை என்றால் 108.

## அறிகுறி: வெள்ளமோ சாக்கடைத் தண்ணீரோ அடுக்களைக்குள் ஏறிவிட்டது

2021 நவம்பர் மழையில் மாவட்டத்தில் பல வீடுகளில் இது நடந்தது. மண்ணைக் கழுவிவிட்டு அப்படியே சமைக்க இறங்கிவிடாதீர்கள்.

மரக்கரண்டி, மரப்பலகை, மண்சட்டி, பிளாஸ்டிக் டப்பா, பால்புட்டிக் காம்பு: எறியுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் உள்ளே போனதை வெளியே எடுக்க வழியில்லை. உலோகம், கண்ணாடி, விரிசல் இல்லாத பீங்கான்: சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவுங்கள். பிறகு உலோகத்தைக் கொதிக்கவிடுங்கள். கண்ணாடியையும் பீங்கானையும் 5 லிட்டருக்கு நான்கு தேக்கரண்டி பிளீச் கலந்து 15 நிமிடம் வையுங்கள். மிக்ஸி, கிரைண்டர் மோட்டாருக்குள் தண்ணீர் போயிருந்தால் மின்பணியாளர் பார்க்காமல் சுவிட்சைத் தொடவேண்டாம்.

இதற்கெல்லாம் தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள்? கிணற்றில் வெள்ளம் இறங்கியிருந்தால் கழுவுகிற தண்ணீரே அழுக்கு. குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ கிடைக்கும்வரை, கோரினதைத் தெளியவைத்து வடிகட்டிக் கொதிக்கவைத்து எடுங்கள். சாதாரண நாளில் தெளிந்த கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் கணக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம். இரண்டு மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் தண்ணீரும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறக்குறைய 12,500 லிட்டர் இருக்கும், அதற்கு 31 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கி, ஒரு மணிநேரம் கழித்தே தண்ணீர் எடுக்கவேண்டும். வெள்ளம் புகுந்து கலங்கின கிணற்றுக்கு இந்த அளவு போதாது. அங்கே கைக்கணக்கில் அள்ளிப் போடாமல் பஞ்சாயத்திலோ சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். இறைத்துச் சுத்தம் செய்து, குளோரின் நிற்கிறதா என்று சோதித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணீர் முற்றம் கழுவ மட்டும்.